நாரி நோவும் பாரமும்: தூக்காமல் இருப்பதா, தூக்கப் பழகுவதா?

மீள்குடியேறிய பிறகு எங்களுக்கு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவைக் கட்டம் கட்டமாகத் தந்தார்கள். வீட்டுக்காரரே நின்று கட்டி முடிக்க வேண்டும். மேசனுக்குக் கூலி கொடுத்தால் கையாளுக்குக் கொடுக்கக் காசு மிஞ்சாது. அதனால் கையாள் வேலையை நானே செய்தேன். லொறி வீதியில் இறக்கிவிட்டுப் போன சீமெந்துப் பைகளை ஒழுங்கையால் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரு பை 50 கிலோ. பத்துப் பைக்கு மேல் தூக்கியிருப்பேன். அடுத்த பையைக் குனிந்து பிடித்து, தூக்கிய கையோடு இடப்பக்கம் திரும்பினேன். நாரிக்குள் ஏதோ அறுந்தது போல இருந்தது. அப்படியே மண்ணில் இருந்துவிட்டேன்.

அன்று தொடக்கம் எல்லோரும் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: "இனிப் பாரம் தூக்கக் கூடாது." மருந்து தந்தவரும் சொன்னார், எண்ணெய் தந்த பரியாரியாரும் சொன்னார், பார்க்க வந்த சொந்தக்காரரும் சொன்னார்கள். நாரிக்குப் பெல்ட் கட்டினேன். சித்தாலேப பூசினேன். நோ குறைந்தது, பயம் குறையவில்லை. குடத்தைத் தூக்கப் பயம், சைக்கிளைப் படியில் ஏற்றப் பயம், பிள்ளையைத் தூக்கப் பயம். இரண்டு வருடத்தில் என் கால்களும் முதுகும் மெலிந்து போயின. முன்பு பாரமாகவே தெரியாத பொருள்கள் எல்லாம் பாரமாகிவிட்டன.

அதற்கிடையில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. கட்டிலில் இருந்து கதிரைக்கும் கதிரையில் இருந்து கட்டிலுக்கும் ஒரு நாளில் நாலைந்து தடவை மாற்ற வேண்டும். நான் பார்த்துக்கொண்டு நிற்க, மனைவி தனியாகத் தூக்கினாள். ஆறு மாதத்தில் அவளும் நாரியைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். "தூக்காதே" என்ற அறிவுரை எங்கள் வீட்டில் இப்படித்தான் முடிந்தது. நான் தூக்காவிட்டால் இன்னொருவர் தூக்க வேண்டும்.

எங்கள் ஊர்களில் பெரும்பாலானோரின் நிலை இதுதான். தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்ணுக்கு, தோட்டக்காரருக்கு, வலை இழுப்பவருக்கு, கல் அரிபவருக்கு உடம்புதான் முதல். அவர்களிடம் தூக்காதே என்று சொல்வது உழைக்காதே என்று சொல்வதற்குச் சமம். நான் வைத்தியன் அல்லன். நாரி நோவோடு பல வருடம் திரிந்து, பிழையாகத் தூக்கி, பிறகு சரியாகத் தூக்கப் பழகிய ஒருவன். பழகியதை இங்கே எழுதுகிறேன்.

ஜிம்மில் நான் விட்ட பிழை

மருமகன் போகும் ஜிம்முக்கு ஒரு நாள் நானும் போனேன். உடம்பு பலமானால் நோ போய்விடும் என்பது என் கணக்கு. கணக்கில் பிழை இல்லை, செய்த விதத்தில்தான் பிழை. இரண்டாம் நாளே பக்கத்தில் நின்ற பொடியன்கள் தூக்குகிறார்கள் என்று நானும் 60 கிலோ போட்டு டெட்லிப்ட் செய்தேன். நிலத்தில் கிடக்கும் இரும்புப் பாரை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்ந்து நிற்கும் பயிற்சி அது. முதல் மூன்று தடவையும் போனது. நாலாவது தடவை முதுகு வில்லாக வளைந்தது. கண்ணாடியில் முகத்தைப் பார்க்கக் கழுத்தை உயர்த்தினேன். பார் காலைவிட்டு முன்னே போனது. பழைய இடத்திலேயே பிடித்தது.

இந்த முறை அரச வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த மிஸ் என்னைத் திட்டவில்லை. "அண்ணா, எப்படித் தூக்கினீங்கள் எண்டு காட்டுங்கோ" என்றார். காட்டினேன். "பாரம் பிழையில்லை அண்ணா. நீங்கள் இடுப்பை மடக்காமல் முதுகை மடக்கிறீங்கள். அதோடு இரண்டு வருடம் சும்மா இருந்த உடம்புக்கு இரண்டாம் நாளே 60 கிலோ குடுத்திருக்கிறீங்கள்" என்றார். தூக்க வேண்டாம் என்று சொல்லாத முதல் ஆள் அவர்தான்.

முதுகுக்குள் நடப்பது

அவர் எனக்கு விளங்கப்படுத்திய கணக்கு இது. 20 கிலோப் பொருள் ஒன்றை முள்ளந்தண்டில் இருந்து 40 சென்ரிமீற்றர் முன்னால் பிடிக்கிறீர்கள் என்று வையுங்கள். அதைத் தாங்குவது முள்ளந்தண்டுக்குப் பின்னால் இருக்கும் தசைகள். அவை முள்ளந்தண்டில் இருந்து ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் தூரத்தில்தான் இருக்கின்றன. ஏறுபலகை விளையாட்டில் பலகையின் ஓரத்தில் சின்னப் பிள்ளை இருந்தால், நடுவுக்குக் கிட்ட இருப்பவர் எவ்வளவு பாரமாக இருக்க வேண்டும் என்று யோசியுங்கள். 20ஐ 40ஆல் பெருக்கி 5ஆல் பிரித்தால் 160. அதாவது 20 கிலோவுக்காக முதுகுத் தசைகள் 160 கிலோ அளவுக்கு இழுக்கின்றன. அதே பொருளை உடம்போடு அணைத்து 20 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தால் அது 80 ஆகிவிடும். பொருள் மாறவில்லை, தூரம்தான் மாறியது. குனியும்போது எங்கள் சொந்த மேலுடம்பின் பாரமும் இதோடு சேர்கிறது.

சரியான முறையில் தூக்குதல் என்பதன் பாதி இதுதான்: பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடிப்பது. மீதிப் பாதி, வளைவை முதுகில் வைக்காமல் இடுப்பு மூட்டில் வைப்பது. இடுப்பு மூட்டைச் சுற்றி இருக்கும் பிட்டத் தசைகளும் தொடையின் பின்புறத் தசைகளும் உடம்பின் பெரிய தசைகளுக்குள் அடங்கும். அவை செய்ய வேண்டிய வேலையை நாரியின் சிறிய தசைகளிடம் கொடுத்தால் அவை களைத்துவிடும்.

இதற்காக முள்ளந்தண்டு முட்டைக் கோது என்று நினைக்க வேண்டாம். அது பலமான அமைப்பு. ஒரு தடவை வளைந்து தூக்கினால் உடைந்து போகாது. பழக்கமில்லாத பாரம், களைத்த உடம்பு, வளைந்த முதுகு, அதோடு ஒரு திருப்பல் எல்லாம் ஒன்றாகச் சேரும்போதுதான் ஆபத்துக் கூடுகிறது. நான் சீமெந்துப் பை தூக்கிய அன்று இந்த நாலும் சேர்ந்திருந்தன.

"டிஸ்க் தள்ளியிருக்கிறது" என்று படத்தைப் பார்த்துச் சொன்னதும் வாழ்க்கை முடிந்தது என்று இருப்பவர்களும் உண்டு. 1994இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வந்த ஆய்வொன்றில், முதுகு நோவே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 வீதமானோருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் புடைத்திருந்தது. படத்தில் தெரிவது எல்லாம் நோவுக்குக் காரணம் அல்ல.

தும்புத்தடியோடு முதல் பாடம்

மிஸ் எனக்கு முதலில் தந்தது இரும்பு அல்ல, தும்புத்தடி. தடியை முதுகோடு நெடுக்காகப் பிடிக்க வேண்டும். பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடு, முள்ளந்தண்டின் அடி ஆகிய மூன்று இடங்களிலும் தடி தொட வேண்டும். முழங்காலைச் சற்றே மடக்கி, பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குனிய வேண்டும். கை நிறையச் சாமான் இருக்கும்போது பின்புறத்தால் கதவைத் தள்ளித் திறப்போமே, அந்த அசைவுதான். குனிந்து நிமிரும் வரை மூன்று இடங்களிலும் தடி தொட்டபடி இருந்தால் வளைவு இடுப்பில் இருக்கிறது. தடி ஓரிடத்தில் விலகினால் முதுகு வளைகிறது.

சொல்ல லேசு. எனக்கு இது பிடிபட இரண்டு கிழமை எடுத்தது. சுவரில் இருந்து ஓரடி தள்ளி, சுவருக்கு முதுகு காட்டி நின்று, பிட்டத்தால் சுவரைத் தொட்டுப் பழகினேன். தொடையின் பின்புறம் இழுபடுவதை உணர்ந்தால் சரியாகச் செய்கிறீர்கள். நாரி இழுபட்டால் இன்னும் பழக வேண்டும்.

நிலத்தில் இருந்து பாரத்தை எடுப்பது

பிறகுதான் பாரம். ஐந்து லீற்றர்த் தண்ணீர்க் கான் ஒன்று ஏறத்தாழ 5 கிலோ. ஜிம் தேவையில்லை, அதில் தொடங்கலாம். ஜிம்மில் செய்பவர்களுக்கும் படிகள் இவைதான்.

பாதங்களை இடுப்பளவு அகலத்தில் வையுங்கள். பார் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே, சப்பாத்துக் கயிறு கட்டும் இடத்துக்கு மேலே இருக்க வேண்டும். பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து, முழங்காலைத் தேவையான அளவு மடக்கிப் பிடியுங்கள். கைகள் கால்களுக்குச் சற்று வெளியே இருக்கட்டும். பார்வை உங்களுக்கு முன்னால் ஐந்தாறு அடி தள்ளி நிலத்தில் இருக்கட்டும், கண்ணாடியில் வேண்டாம். வெடுக்கென்று இழுக்க வேண்டாம். முதலில் கையை இறுக்கிப் பாரத்தை உணருங்கள். பிறகு நிலத்தைக் காலால் தள்ளுவது போல எழும்புங்கள். பார் காலை உரசியபடி மேலே வர வேண்டும். நிமிர்ந்ததும் பின்பக்கம் சாயாமல் நேராக நில்லுங்கள். இறக்கும்போதும் பிட்டம்தான் முதலில் பின்னுக்குப் போக வேண்டும். தூக்கும்போது கவனமாக இருந்துவிட்டு இறக்கும்போது பொத்தென்று குனிபவர்கள் பலர். நோ பிடிப்பது அங்கேயும்தான்.

எங்கள் ஊர் ஜிம்களில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. போட்டிகளில் பாவிக்கும் பெரிய தட்டின் விட்டம் 45 சென்ரிமீற்றர். அதனால் பார் நிலத்தில் இருந்து 22.5 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். இங்கே பல இடங்களில் இருப்பவை சிறிய இரும்புத் தட்டுகள். பார் மிகவும் தாழ்ந்து கிடக்கும். அவ்வளவு ஆழத்துக்கு முதுகு வளையாமல் குனிய எல்லோராலும் முடியாது. இரண்டு பக்கமும் மரக்கட்டையோ பழைய ரயரோ வைத்து உயர்த்துங்கள். இந்தச் சின்ன மாற்றம்தான் எனக்கு அதிகம் உதவியது.

வெறும் பாரும் சும்மா இல்லை. ஆண்களுக்கான பார் 20 கிலோ, பெண்களுக்கான பார் 15 கிலோ. தட்டுப் போடாமல் அதை மட்டும் தூக்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குந்தி எழும்புதல்

தோளில் பாரம் வைத்துக் குந்தி எழும்பும் ஸ்குவாட்டை நான் கதிரையோடு பழகினேன். கதிரைக்கு முன் நின்று, இருப்பது போலப் பின்னுக்கும் கீழுக்கும் போய், கதிரையைத் தொட்டவுடன் எழும்ப வேண்டும். முழங்கால் உள்பக்கம் விழக் கூடாது. குதி நிலத்தைவிட்டு எழும்பக் கூடாது. பாரம் பிடிப்பதென்றால் முதலில் நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள். முதுகில் பார் வைப்பது பிறகு. அடியில் போகும்போது நாரி உள்ளே சுருண்டால் அது உங்களுக்கு மிஞ்சிய ஆழம். அதற்கு மேலேயே நில்லுங்கள்.

எவ்வளவு பாரம், எத்தனை தடவை

முறை கெடுவது பெரும்பாலும் களைப்பில். எட்டுத் தடவை நன்றாகச் செய்து ஒன்பதாவதில் முதுகு வளைந்தால் எட்டோடு நிறுத்த வேண்டும். இன்னும் இரண்டு மூன்று தடவை செய்யலாம் என்ற நிலையிலேயே பாரத்தை வைத்துவிடுவது நல்லது. கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு பயிற்சியும் எட்டுப் பத்துத் தடவையாக மூன்று சுற்று. அது சுகமாகப் போனால் அடுத்த கிழமை 2.5 கிலோ கூட்டலாம். நான் 5 கிலோவில் தொடங்கி, இரண்டாம் நாள் தூக்கிய அந்த 60 கிலோவுக்கு மறுபடி வர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. இந்த முறை நாரி ஒன்றும் சொல்லவில்லை.

தெரிந்தவர் ஒருவரிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்துப் பக்கவாட்டில் நின்று படம் பிடிக்கச் சொல்லுங்கள். நேராக இருக்கிறேன் என்று நினைத்த என் முதுகு படத்தில் வளைந்திருந்தது. விடிய எழும்பிய கையோடு கனமாகக் குனிந்து தூக்க வேண்டாம். இரவு படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சிக்கொள்வதால் காலையில் முதுகு விறைப்பாக இருக்கும். கொஞ்சம் நடமாடிவிட்டுத் தொடங்குங்கள்.

மூச்சும் பெல்ட்டும்

தூக்கு முன் மூச்சை உள்ளே எடுத்து, யாரோ வயிற்றில் குத்த வருகிறார் என்பது போல வயிற்றை இறுக்குங்கள். இறுகிய வயிறு முள்ளந்தண்டுக்கு முன்பக்கத்தில் முண்டு கொடுக்கும். நிமிரும்போது மூச்சை விடுங்கள். உயர் குருதி அமுக்கம், இருதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது. பயிற்சியைத் தொடங்கும் முன்பே வைத்தியரிடம் கேளுங்கள்.

நாரிப் பெல்ட்டை நான் கழற்றிவிட்டேன். நாட்பட்ட நாரி நோவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டல், இடுப்புப் பட்டிகளை வழமையான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சியையும், நோவைப் பற்றி விளங்கப்படுத்துவதையும் பரிந்துரைக்கிறது. 2020இல் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேருக்கு நாரி நோ இருந்ததாக அதே நிறுவனம் சொல்கிறது. நாங்கள் தனியாக இல்லை.

நோ வந்தால்

புதிதாகப் பயிற்சி செய்த மறுநாள் தொடையும் பிட்டமும் உளைவது வழமை. இரண்டு மூன்று நாளில் போய்விடும். நாரியில் கூராகக் குத்தினால், அல்லது நோ காலுக்கு இறங்கினால் அன்றைய பயிற்சியை நிறுத்துங்கள். ஆனால் கட்டிலில் கிடக்க வேண்டாம். முடிந்த அளவு நடந்து திரியுங்கள். நோ தணிந்ததும் பாரத்தைப் பாதியாக்கி மீண்டும் தொடங்குங்கள். பெரும்பாலான நாரிப் பிடிப்புகள் சில கிழமைகளில் குறைந்துவிடும்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. மலசலம் போகும் இடத்தைச் சுற்றி விறைப்பு, சிறுநீர் போகாமை அல்லது அடக்க முடியாமை, கால் பலமிழந்து வருதல் ஆகியவை இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். காய்ச்சலோடு வரும் நோ, காரணமில்லாமல் உடம்பு மெலிதல், படுத்தாலும் இரவில் குறையாத நோ, விழுந்ததன் பின் வந்த கடும் நோ ஆகியவற்றையும் வைத்தியர் பார்க்க வேண்டும்.

உடம்பில் காயம் உள்ளவர்கள்

எங்களில் பலருக்கு உடம்புக்குள் செல் துண்டோ சன்னமோ இன்னும் இருக்கிறது. முதுகுக்குக் கிட்ட இருந்தால், பாரம் தூக்கத் தொடங்கும் முன் எக்ஸ்ரே எடுத்து அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடம்பில் உலோகம் இருப்பதை முன்கூட்டியே கட்டாயம் சொல்லுங்கள். அது பலமான காந்தம்.

செயற்கைக்கால் பாவிப்பவர்களுக்கு நாரி நோ பொதுவாக அதிகம். காலின் உயரம் சற்றுக் குறைந்தாலோ கூடினாலோ இடுப்பு சரிந்து, ஒரு பக்க முதுகு கூடுதலாக உழைக்கும். கால் பொருத்திய இடத்தில் உயரத்தைச் சரிபார்த்த பிறகு பயிற்சியைத் தொடங்குங்கள். கதிரையில் இருந்தபடியே கைக்கும் முதுகுக்கும் செய்யக்கூடிய பயிற்சிகளும் இருக்கின்றன. இயன்மருத்துவப் பிரிவில் கேட்டால் காட்டித் தருவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நித்திரை இல்லாத இரவுகளும் யோசனையும் பயமும் நோவைக் கூட்டும். அப்படிச் சொன்னால் நோ பொய் என்று அர்த்தம் இல்லை. நோ உண்மை. தொடர்ந்து எச்சரிக்கையாகவே இருந்து பழகிய உடம்பு சின்னச் சத்தத்துக்கும் பதறுவது போல, சின்ன அசைவுக்கும் நோவைப் பெரிதாகக் காட்டும். பாதுகாப்பாகத் தூக்கி வைத்த ஒவ்வொரு தடவையும் எனக்குள் இருந்த பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

வீட்டுக்கும் வேலைக்கும்

அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ் 1991இல் திருத்திய கணிப்பில், எல்லாம் சாதகமாக இருக்கும்போதுகூடத் தூக்கும் பாரத்தின் எல்லையை 23 கிலோ என்று வைத்திருக்கிறது. சீமெந்துப் பை அதன் இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆகவே முறை தெரிந்தாலும் ஒருவர் தனியாக அதைத் தூக்குவது கெட்டித்தனம் அல்ல. இரண்டு பேர் பிடியுங்கள், தள்ளுவண்டியில் ஏற்றுங்கள், முடிந்தால் மேசை உயரத்தில் இறக்கச் சொல்லுங்கள். திரும்புவதென்றால் இடுப்பைத் திருக்காமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். ஒரு கையில் ஒரு பெரிய வாளித் தண்ணீருக்குப் பதிலாக இரண்டு கையிலும் இரண்டு சிறிய வாளிகள் நல்லது.

அம்மாவைத் தூக்குவதையும் மிஸ்ஸே காட்டித் தந்தார். கதிரையை அம்மாவின் பலமான பக்கத்தில், கட்டிலோடு ஒட்டிச் சற்றுச் சரிவாக வைக்கிறோம். அவரைக் கட்டில் ஓரத்துக்குக் கொண்டுவந்து இரண்டு பாதங்களையும் நிலத்தில் ஊன்ற வைக்கிறோம். இடுப்பைச் சுற்றிக் கட்டிய துவாயைப் பிடித்துக்கொள்கிறேன். பலமில்லாத கையைப் பிடித்து இழுப்பதில்லை. அவரின் பலமில்லாத முழங்காலுக்கு என் முழங்காலால் முண்டு கொடுக்கிறேன். "அம்மா, முன்னுக்குச் சாயுங்கோ" என்று சொல்லி மூன்று எண்ணுகிறேன். பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து, அவரை என் உடம்போடு அணைத்து, கால்களால் எழும்புகிறேன். அவரும் முடிந்த அளவு தன் காலை ஊன்றி எழும்புகிறார். பாதத்தை எடுத்து வைத்துத் திரும்பி மெதுவாகக் கதிரையில் இருத்துகிறேன்.

காலையில் நான் தூக்குகிறேன், மத்தியானம் மனைவி தூக்குகிறாள். அவளும் தும்புத்தடியோடு பழகிவிட்டாள். இரவில் நாரிக்கு ஒத்தடம் போட்டுவிடச் சொல்லி அவள் என்னைக் கேட்டுக் கனநாளாகிவிட்டது.